ஃபெம் ஃபடாலை எழுத, முதலில் அவனை எழுதுங்கள்

குற்றத் திரைக்கதை எழுத உட்காரும் எவருக்கும் ஒரு கட்டத்தில் ‘அவள்’ தேவைப்படுகிறாள். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கதாநாயகன் தடம் புரள ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்துக்கு அழகிய முகத்தையும் மர்மமான கடந்த காலத்தையும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் முதல் திரைக்கதையில் வந்த பெண் எல்லாக் காட்சிகளிலும் சிகரெட் பிடித்தாள், எதைக் கேட்டாலும் எதிர்க்கேள்வியே கேட்டாள், மழை பெய்யாத இரவில் ஒருமுறைகூட வெளியே வரவில்லை. படித்துப் பார்த்த நண்பர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: ‘இவளுக்கு என்னதான் வேண்டும்?’ எண்பது பக்கம் எழுதியிருந்த எனக்குப் பதில் தெரியவில்லை.

ஃபெம் ஃபடால் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு, நெருங்கும் ஆணை அழிவில் கொண்டுபோய் நிறுத்தும் பெண் என்று பொருள் சொல்லலாம். போர்க்காலத்தில் பிரான்சுக்குள் வராமலிருந்த அமெரிக்கப் படங்கள் 1946-இல் வரிசையாகப் பாரிஸ் திரையரங்குகளுக்கு வந்தபோது, அவற்றுள் இருண்ட குற்றப் படங்கள் சிலவற்றை ‘ஃபிலிம் நுவார்’ என்று அழைத்தவரும் பிரான்சில் எழுதிவந்த நீனோ ஃப்ராங்க் என்ற விமர்சகர்தான். ஆக இரண்டு சொற்களும் அங்கிருந்தே வந்தவை. தமிழில் இதற்கு நிகராக நாம் எடுக்கும் சொற்கள் எல்லாமே சற்று விலகிப் போகின்றன. மோகினி என்றால் அவள் மனுஷியே அல்லள். ‘முத்ராராட்சசம்’ நாடகத்தில் சந்திரகுப்தனைக் கொல்ல அனுப்பப்பட்டு வேறொருவனைக் கொன்ற விஷகன்னி, யாரோ ஏவிய ஆயுதம். அவளுக்கென்று விருப்பம் எதுவும் இல்லை. தொலைக்காட்சித் தொடரின் வில்லியோ தான் கெட்டவள் என்பதை முதல் நாளே புருவத்தை உயர்த்தி அறிவித்துவிடுகிறாள். நுவார் படத்தின் பெண் கணவனோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிற சாதாரண மனுஷி, அவளுடைய ஆசை அவளுடையது, அவள் யார் என்பது அவனுக்குப் புரியும்போது காலம் கடந்திருக்கும். ஆகையால் அந்தப் பிரெஞ்சுச் சொல்லையே இங்கு வைத்துக்கொள்கிறேன்.

இந்த வழிகாட்டியைப் பெரும்பாலும் ஒரே படத்தை வைத்து எழுதுகிறேன்: பில்லி வைல்டர் இயக்கி 1944-இல் வெளிவந்த ‘டபுள் இண்டெம்னிட்டி’. ஜேம்ஸ் எம். கெய்ன் எழுதிய குறுநாவலுக்கு வைல்டரும் ரேமண்ட் சாண்ட்லரும் சேர்ந்து திரைக்கதை எழுதினார்கள். ஃபிலிஸ் டீட்ரிக்சன் என்ற பெண்ணாக பார்பரா ஸ்டான்விக் நடித்தார். படத்தின் முடிவுவரை எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்பதால், பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

அவனைப் பற்றி ஒரு பக்கம்

அவள் காட்சிக்குள் நுழைவதற்கு முன்பே எழுதி முடிக்க வேண்டியது அவனுடைய பலவீனம். வால்டர் நெஃப் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் காப்பீட்டு விற்பனையாளன். தோளில் குண்டுக்காயத்தோடு நள்ளிரவில் அலுவலகத்துக்கு வந்து, தன் அலுவலகச் சகாவும் நண்பருமான கீஸுக்காக டிக்டாஃபோன் கருவியில் வாக்குமூலம் பதிகிறான். பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் கொன்றேன், பணமும் கிடைக்கவில்லை, பெண்ணும் கிடைக்கவில்லை என்று படத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். அந்த வரிசையைக் கவனியுங்கள்: பணம்தான் முதலில் வருகிறது. சற்று நேரம் கழித்து அவன் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறான். சூதாட்ட விடுதியில் சக்கரத்தைச் சுழற்றும் பணியாளன், வாடிக்கையாளர்கள் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைச் செய்துகொண்டே, தானே அந்தச் சக்கரத்தை ஏமாற்றுவது எப்படி என்று இரவெல்லாம் யோசிப்பதைப் போல, காப்பீட்டு நிறுவனத்தை ஏமாற்றும் வழியைப் பற்றித் தான் ஆண்டுக்கணக்கில் யோசித்து வந்ததாகச் சொல்கிறான். அதாவது, ஃபிலிஸைச் சந்திப்பதற்கு முன்பே குற்றம் அவனுக்குள் தயாராக இருந்தது, கதவைத் தட்ட ஒரு ஆள்தான் தேவைப்பட்டாள்.

இதைவிடக் கூர்மையான சான்று திட்டத்திலேயே இருக்கிறது. கணவனுக்குத் தெரியாமல் அவன் பெயரில் விபத்துக் காப்பீடு எடுக்க முடியுமா என்று கேட்டவள் ஃபிலிஸ். ஆனால் ரயில் விபத்தில் இறந்தால் இரட்டிப்புத் தொகை, அதாவது 50,000 டாலருக்குப் பதில் 1,00,000 டாலர் கிடைக்கும் என்ற விதியை எடுத்து வைத்து, கொலை ரயிலில்தான் நடந்ததாகத் தெரிய வேண்டும் என்று வற்புறுத்தியவன் நெஃப். படத்தின் தலைப்பே அவனுடைய பேராசையைக் குறிக்கும் காப்பீட்டுச் சொல்தான். அவள் ஒரு குழி தோண்டினாள் என்றால், ஆழம் போதாது என்று மண்வெட்டியை வாங்கியவன் அவன்.

ஆகவே, எழுதத் தொடங்கும்போது ஒரு முழுப் பக்கத்தில் அவனைப் பற்றி மட்டும் எழுதுங்கள். அவன் எந்தத் தவற்றை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறான், அவனிடமுள்ள எந்தத் தொழிலறிவு அவளுக்குப் பயன்படும், எதைப் பார்த்தும் பார்க்காதவனாக இருக்க அவன் தயார் என்ற மூன்றுக்கும் அந்தப் பக்கத்தில் விடை வேண்டும். மூன்றாவது கேள்விக்கு மிகச் சிறந்த விடை, ஜாக் டூர்னர் 1947-இல் இயக்கிய ‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’ படத்தில் இருக்கிறது. ராபர்ட் மிட்சம் நடித்த துப்பறிவாளனுக்குப் பொய்யைக் கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. அவன் தேடிச் சென்ற கேத்தி என்ற பெண், 40,000 டாலரைத் தான் எடுக்கவில்லை என்று கடற்கரையில் அவனிடம் மன்றாடும்போது, அவன் நம்புகிறேன் என்றும் சொல்வதில்லை, நம்பவில்லை என்றும் சொல்வதில்லை, தனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை என்கிறான். பிழைப்புக்கான அறிவைத் தானாகவே கழற்றி வைத்துவிட்ட அந்த இடத்தில் அவனுடைய கதை முடிந்துவிட்டது. பிறகு நடப்பதெல்லாம் வட்டி.

கதையைச் சொல்பவன் யார் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஃபிலிஸைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, அவளால் சுடப்பட்டு இரத்தம் வடிந்துகொண்டிருக்கும் ஒருவனின் வாய்மொழி. அவன் அவளை எப்படி நினைவுகூர்கிறானோ அப்படித்தான் அவள் நமக்குத் தெரிகிறாள். உங்கள் கதையிலும் அவன் குரலில் அவளைச் சொல்லப்போகிறீர்கள் என்றால், அவன் எங்கெங்கே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள்மேல் பழி போடுகிறான் என்பது எழுதும் உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அவளுடைய கணக்கு

அடுத்து, என் நண்பர் கேட்ட கேள்வி. அவளுக்கு வேண்டியதை எண்ணாகவோ இடமாகவோ பொருளாகவோ சொல்ல முடிய வேண்டும். ‘சுதந்திரம்’, ‘அதிகாரம்’ போன்ற சொற்களை விடையாக எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். கெய்னுக்கு இந்தக் கதை கிடைத்ததே ஒரு கணக்கிலிருந்துதான். 1927-இல் நியூயார்க்கில் ரூத் ஸ்னைடர் என்ற இல்லத்தரசி, தன் காதலன் ஜட் கிரேயோடு சேர்ந்து கணவனைக் கொன்றாள். கணவனுக்குச் சரியாகத் தெரியாமல் அவன் பெயரில் எடுக்கப்பட்ட, இரட்டிப்புத் தொகை விதியும் சேர்ந்த காப்பீட்டுப் பத்திரம் அந்த வழக்கின் மையமாக இருந்தது. இருவருக்கும் 1928 ஜனவரியில் சிங் சிங் சிறையில் மின்நாற்காலியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. செய்தித்தாள்கள் அவளை அரக்கி என்று எழுதின. கெய்ன் அதே செய்தியிலிருந்து பத்திரத்தையும் கையெழுத்தையும் பிரீமியத்தையும் எடுத்துக்கொண்டார். எழுத்தாளர்கள் செய்ய வேண்டியது அதுதான் என்பது என் கருத்து.

அவளுடைய திட்டம் அவனைச் சந்தித்த நாளில் தொடங்கக்கூடாது, அவன் இல்லாத நேரங்களிலும் அது நடந்துகொண்டிருக்க வேண்டும். ஃபிலிஸ் இந்த வீட்டுக்கு முதலில் வந்தது செவிலியாக. டீட்ரிக்சனின் முதல் மனைவி நோயுற்று இறந்தபோது அருகில் இருந்தவள் அவள்தான் என்று மூத்தாள் மகள் லோலா நெஃபிடம் சொல்கிறாள். தந்தை இறப்பதற்கு முன்பே, ஃபிலிஸ் கண்ணாடிக்கு முன் நின்று கறுப்புத் தொப்பியையும் முகத்திரையையும் அணிந்து, துக்க உடை தனக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததையும் லோலா நேரில் கண்டிருக்கிறாள். கதையில் ஃபிலிஸைப் பற்றிக் கிடைக்கும் மிகக் கொடிய தகவல் அந்தத் தொப்பிதான், அதில் இரத்தம் ஒரு துளிகூட இல்லை. பிற்பாதியில் அவள் லோலாவின் காதலனையும் தனியாகச் சந்தித்து வருவது தெரியவருகிறது. நெஃப் தான்தான் அவள் கதையின் நாயகன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, அவள் அடுத்த அத்தியாயத்துக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு நான் கையாளும் வழி எளியது. கதை நடக்கும் நாட்களுக்கு ஒரு நாட்குறிப்பு எழுதுகிறேன், அதில் அவன் பெயர் வராத நாட்களை மட்டும் நிரப்புகிறேன். அவள் வங்கிக்குப் போன நாள், யாருக்கோ கடிதம் எழுதிய நாள், சும்மா படுத்துக்கிடந்த நாள் என்று பத்துப் பதினைந்து பதிவுகள் போதும். இவற்றுள் ஒன்றிரண்டுகூடத் திரைக்கு வராது. ஆனாலும் அவள் ஒரு காட்சிக்குள் நுழையும்போது எங்கிருந்தோ வருகிறாள் என்பது தெரியும்.

தமிழ் வாசகர்களுக்கு நுவார் என்றதும் நினைவுக்கு வருவது எஸ். பாலசந்தர் 1954-இல் இயக்கிய, பாடல்களே இல்லாத ‘அந்த நாள்’. அதிலும் மனைவியின் கையில்தான் துப்பாக்கி இருக்கிறது. ஆனால் பண்டரிபாய் நடித்த அந்தப் பாத்திரத்தை எவரும் ஃபெம் ஃபடால் என்று சொல்ல மாட்டார்கள். அவளுடைய நோக்கம் நாட்டைக் காட்டிக்கொடுக்கும் கணவனைத் தடுப்பது, தனக்காக அவள் கேட்டது எதுவும் இல்லை. ஒரே துப்பாக்கிதான், கணக்கு வேறாக இருப்பதால் பாத்திரமும் வேறாகிவிடுகிறது.

முதல் நுழைவும் முதல் பேச்சும்

ஃபிலிஸின் நுழைவைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். வாகனக் காப்பீட்டைப் புதுப்பிக்க வந்த நெஃப் கீழே நிற்கிறான். மாடிப்படியின் உச்சியில் துண்டு சுற்றிய உடம்போடு அவள் நிற்கிறாள். உடை மாற்றிக்கொண்டு இறங்கி வரும்போது கேமரா அவள் கால்களைத் தொடர்கிறது, கணுக்காலில் ஒரு சங்கிலி மின்னுகிறது, நெஃபின் கண் அதில் சிக்கிவிடுகிறது. வரவேற்பறையில் நடக்கும் உரையாடலின் நடுவில், என்னென்ன காப்பீடு பார்க்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டு, ‘விபத்துக் காப்பீடு?’ என்று ஒரே சொல்லாக அவள் கேட்கிறாள். அதுவும் உண்டு என்று சொல்லிய அதே மூச்சில், அந்தச் சங்கிலியில் என்ன பொறித்திருக்கிறது என்று அவன் கேட்கிறான். தன் பெயர்தான் என்கிறாள்.

இந்த நான்கு வரிகளைப் பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். படம் பார்ப்பவர்களும் முதல் தடவை நெஃபோடு சேர்ந்து சங்கிலியையே பார்க்கிறார்கள், ‘விபத்து’ என்ற சொல் காதருகே வந்து கடந்து போகிறது. இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான், கொலையின் முதல் வார்த்தை எங்கே சொல்லப்பட்டது என்று தெரிகிறது. தகவலை மறைக்க வேண்டிய தேவை எழுத்தாளருக்கு ஏற்படவேயில்லை. அதை எல்லோர் முன்னாலும் வைத்துவிட்டு, பார்வையை வேறு பக்கம் இழுத்திருக்கிறார்கள். உங்கள் முதல் காட்சியிலும் அவள் தனக்கு வேண்டியதை வெளிப்படையாகவே கேட்கட்டும், அதைக் கேட்கவிடாமல் அவனுடைய ஆசை அவன் காதை அடைத்துக்கொண்டிருக்கட்டும்.

பேச்சு சுற்றி வளைத்துப் போவதற்கு அக்காலத்துத் தணிக்கையும் ஒரு காரணம். ஹாலிவுட் 1930-இல் ஏற்று 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்திய ஒழுக்க நெறிமுறை, கள்ளக்காதலைக் கவர்ச்சியாகக் காட்டக்கூடாது, குற்றம் செய்தவர்கள் தண்டனை பெறாமல் தப்பக்கூடாது என்று கட்டளையிட்டது; கெய்னின் கதையையே 1935-இல் திரைக்குத் தகாதது என்று தணிக்கை அலுவலகம் ஒதுக்கி வைத்திருந்தது. ஆகவே அவர்கள் இருவரும் முதல் சந்திப்பிலேயே சாலையின் வேகவரம்பைப் பற்றியும், காவலர் அபராதச் சீட்டு எழுதுவதைப் பற்றியும் பேசிக்கொள்கிறார்கள், பேசப்படுவது அதுவல்ல என்பது இருவருக்கும் தெரியும். நெஃபின் வீட்டில் அவர்கள் தனித்திருக்கும் இரவில், காட்சி டிக்டாஃபோனுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அவன் சோஃபாவில் சாய்ந்து புகைத்துக்கொண்டிருக்கிறான், அவள் ஒப்பனையைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். இடையில் என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை, தெரியாதவர்களும் இல்லை. இன்று உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் வேறு ஏதாவது ஒரு தொழிலின் பேச்சைக் கடன் வாங்கி அந்தக் காட்சியை எழுதிப் பாருங்கள். நிலப்பத்திரம், கார் பழுது, மருந்துச் சீட்டு என எதுவானாலும் சரி, பேச்சுக்கு உடனே ஒரு பிடி கிடைத்துவிடும்.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டான்விக்குக்கு வைத்த பொன்னிற விக் பார்த்தவுடனே விக் என்று தெரியும். அந்தப் போலித்தனமும் பாத்திரத்துக்குப் பொருந்தியே இருக்கிறது. ஒரு சங்கிலி, ஒரு விக், பின்னர் மளிகைக் கடையில் அணிந்துவரும் கறுப்புக் கண்ணாடி என்று மூன்று பொருட்களோடு படம் நின்றுவிடுகிறது. தீக்குச்சி உரசிப் பற்ற வைப்பதெல்லாம் நெஃபின் வேலை, அதுவும் பெரும்பாலும் கீஸின் சுருட்டுக்காக.

பொய்களின் பேரேடு

அவள் சொல்லும் ஒவ்வொரு பொய்யையும் ஒரு பேரேட்டில் எழுதி வையுங்கள்: யாரிடம் சொன்னாள், அதில் எவ்வளவு உண்மை, எந்தக் காட்சியில் அது உடைகிறது. முழுப் பொய் எளிதில் உடைந்துவிடும், பாதி உண்மை கலந்தது நெடுநாள் நிற்கும். ஃபிலிஸின் கணவன் கடுமையானவன், அவளைப் பொருட்படுத்தாதவன் என்பது உண்மையாகவே தெரிகிறது; அதனால்தான் அவள் சொல்லும் மற்றதையும் நம்பத் தோன்றுகிறது.

கேட்பவன் ஏமாளியாக இருக்கக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜான் ஹூஸ்டன் 1941-இல் இயக்கிய ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ படத்தில், மேரி ஆஸ்டர் நடித்த பெண் முதல் நாள் சொன்ன கதை பொய் என்று ஒப்புக்கொள்ளும்போது, நாங்கள் நம்பியது உங்கள் கதையை அல்ல, நீங்கள் கொடுத்த இருநூறு டாலரைத்தான் என்று துப்பறிவாளன் ஸ்பேட் சொல்கிறான். பொய் என்று தெரிந்தே உள்ளே போகிறவனுடைய வீழ்ச்சிக்குத்தான் கனம் இருக்கிறது.

குற்றம் நடக்கும் நிமிடம்

கொலைக் காட்சியில் வைல்டர் எடுத்த முடிவு ஒன்றை இன்றுவரை எவரும் மிஞ்சியதாக எனக்குத் தோன்றவில்லை. காலில் மாவுக்கட்டோடு கணவன் முன்னிருக்கையில் இருக்கிறான், ஃபிலிஸ் காரை ஓட்டுகிறாள், நெஃப் பின்னிருக்கைக்குக் கீழே பதுங்கியிருக்கிறான். அவள் மூன்றுமுறை ஹாரன் அடிப்பதுதான் சைகை. ஹாரன் ஒலித்ததும் கேமரா அவள் முகத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. பக்கத்தில் நடக்கும் கழுத்து நெரிப்பு நமக்குக் காட்டப்படவேயில்லை. அவள் சாலையைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டே இருக்கிறாள், முகத்தில் ஏதோ ஒரு திருப்தி மெல்லப் படர்கிறது. படம் முழுவதும் நெஃபின் வாய்வழியாகவே வந்துகொண்டிருந்த அவளை, அவன் பார்க்க முடியாத ஒரு கோணத்தில் நாம் பார்த்துவிடுகிறோம்.

உங்கள் கதையில் அப்படி ஒரு காட்சியாவது இருக்க வேண்டும். அவனுடைய கதைசொல்லலுக்கு வெளியே, அவள் யாருக்காகவும் நடிக்காத ஒரு கணம், அது பத்து நொடியானாலும் போதும். அதை இரண்டாக்காதீர்கள், இரண்டாவது வந்தால் மர்மம் விளக்கமாகிவிடும்.

சில தடுமாற்றங்கள்

இன்றைய திரைக்கதைகளில் அடிக்கடி பார்க்கும் தவறு, அவளுடைய கொடுமைக்கெல்லாம் காரணமாகச் சிறுவயதுத் துயரம் ஒன்றைக் கடைசிக் கால்மணி நேரத்தில் கொண்டுவந்து வைப்பது. பெண்ணுக்குப் பணத்தாசை மட்டும் இருக்க முடியாது என்று எழுத்தாளரே நம்ப மறுக்கிறார் போலும். அதற்கு எதிர்த்திசையில், அவள் கெட்டவள் என்பதால் எதையும் செய்வாள் என்று எழுதுவதும் அதே சோம்பல்தான்.

அவன் கண்ணுக்கு மட்டும் ஃபெம் ஃபடாலாகத் தெரிகிற பெண்ணும் உண்டு. 1946-இல் வந்த ‘கில்டா’ படத்தில் ரீட்டா ஹேவர்த் ஒரு கையுறையைக் கழற்றியபடி பாடும் காட்சி இந்தப் பாத்திர வகையின் முத்திரையாகவே ஆகிவிட்டது. ஆனால் கதையின்படி கில்டா யாரையும் கொல்லவில்லை, ஏமாற்றிப் பணம் பறிக்கவும் இல்லை. இரண்டு ஆண்களின் பொறாமையும் வெறுப்பும்தான் அவளை அப்படிக் காட்டுகின்றன. இப்படி ஒரு கதையை எழுத விரும்பினால் தாராளமாக எழுதலாம், ஆனால் பாதி வழியில் மனம் மாறி அவளை உண்மையாகவே குற்றவாளி ஆக்கிவிடக்கூடாது.

முடிவைப் பொறுத்தவரை, பழைய நெறிமுறை 1968-இல் கைவிடப்பட்ட பிறகு அவள் தப்பிக்கவும் செய்கிறாள். லாரன்ஸ் காஸ்டன் 1981-இல் இயக்கிய ‘பாடி ஹீட்’ படத்தில் அவன் சிறையில் உட்கார்ந்து பழைய பள்ளி ஆண்டு மலரைப் புரட்டிக்கொண்டிருக்க, அவள் தொலைதூரக் கடற்கரையில் சாய்ந்து கிடக்கிறாள். 2014-இல் வந்த ‘கான் கேர்ள்’ ஒருபடி மேலே போய், அவளுடைய நாட்குறிப்பின் குரலையே நம்மிடம் கொடுத்து, பிறகு அதுவும் புனைவு என்று காட்டிவிடுகிறது. தப்பிக்கவைப்பதா மாட்டவைப்பதா என்பதைவிட, அவளுடைய கணக்கு அவளுக்கு எங்கே பிசகியது அல்லது பிசகவில்லை என்பதுதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

ஃபிலிஸின் கணக்கு பிசகுவது கடைசிச் சந்திப்பில். இருட்டிய அதே வரவேற்பறையில் அவள் நெஃபைச் சுடுகிறாள். காயத்தோடு நெருங்கி வந்து, இன்னொரு முறை சுடு என்கிறான், அவளால் முடியவில்லை. உன்னையோ வேறு எவரையுமோ நான் ஒருபோதும் நேசித்ததில்லை, இரண்டாவது குண்டைச் சுட முடியாமல் போன இந்த ஒரு நிமிடம் முன்புவரை, என்கிறாள். நெஃப் நம்பாமல், தழுவிய நிலையிலேயே அவளைச் சுட்டுக் கொல்கிறான். அது அவள் சொன்ன முதல் உண்மையா, அல்லது உயிர் பிழைப்பதற்கான கடைசிப் பொய்யா என்று எண்பது ஆண்டுகளாகப் படம் பார்ப்பவர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கதையிலும் இப்படி ஒரு வசனம் வந்து சேர்ந்தால், விடை என்ன என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள், நடிப்பவர் கேட்டால் தனியாகச் சொல்லுங்கள், ஆனால் கையெழுத்துப் பிரதியில் அந்த வரிக்குப் பக்கத்தில் ‘கண்ணீருடன்’ என்றோ ‘நடிப்பாக’ என்றோ அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டாம்.